ஒன்றாம் எண்ணுக்கு நேரே

மார்ச் 4

தம்பிக்கு,

உங்கள் அண்ணனுடைய புத்தகங்களை நான் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். தையற்கடைக்காரர் மனைவி என்னிடம் வந்து சொன்னாள். அவளுக்குத் தொழிற்சங்கச் செயலாளர் சொன்னாராம். செயலாளருக்கு நீங்கள் சொன்னீர்களாம். இது தவறு. நாற்பத்தொரு புத்தகங்களும் முன்னறை அலமாரியில் அவர் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. திங்களும் வியாழனும் துடைக்கிறேன். எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் பகல் பத்து மணிக்கு மேல் வரலாம்.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. நான் உங்களை வாசலில் வைத்து விரட்டியதாகச் சொல்கிறார்களாம். அவர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சங்கப் படிப்பகத்துக்குப் புத்தகம் எடுக்க வேன் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நான் தரமுடியாது என்றதும், அந்த ஓட்டுநர் காதில் விழும்படி, "படிக்காதவங்க வீட்ல புத்தகம் எதுக்கு அண்ணி, கரையான் திங்கவா?" என்று கேட்டீர்கள். நான் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்துவது வேறு, விரட்டுவது வேறு.

எழுதுவதற்குக் காரணம் வேறு. ஜூலை பதினொன்றாம் தேதி அவருடைய முதல் நினைவு நாள். அன்று படிப்பகத்தில் அவர் படத்தோடு அவர் கைப்பட எழுதிய பட்டியலையும் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார்களாம். உங்களுக்குத் தெரிந்த பட்டியல்தான். மார்க்சியம் புதிதாகப் படிக்க வருகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும், அடுத்து எது, அதற்கடுத்து எது என்று ஒன்பது வரை எண் போட்டது. ஆனால் இரண்டிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் புத்தகப் பெயர் இருக்கிறது. ஒன்று என்று எழுதி ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அதற்கு நேரே ஒன்றுமில்லை.

செயலாளர், "மறந்திருப்பாரும்மா. மார்க்ஸ் எழுதின அந்தத் தடிப் புத்தகத்தையே ஒண்ணாவதாப் போட்டுடலாம். பாக்கறவங்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்" என்கிறார். நாற்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தினேன். அந்த மனிதர் கடைக்குக் குடையை எடுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு வருவார். எழுத்தில் எதையும் விட்டுவிட்டவர் அல்ல. அந்த இடம் ஏன் காலி என்று தெரியாமல் அவர் பெயரில் எதையும் மாட்ட விடமாட்டேன். பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இது செயலாளருக்குத் தெரியவேண்டாம். நான் அந்தப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தடிப் புத்தகத்திலிருந்துதான் தொடங்கினேன். மூன்று வாரத்தில் பதினெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் புரிகிறது. பத்து வாக்கியம் சேர்ந்தால் என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடமாட்டேன் என்கிறது. எழுபத்து மூன்று வயதில் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

ஒன்றாம் எண்ணுக்கு நேரே என்ன இருந்தது? உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 30

பெரியம்மாவுக்கு வணக்கம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்குப் பேனா பிடிக்க முடியாதது உங்களுக்குத் தெரியும். – மகள்

அண்ணி,

உங்க லெட்டர் வந்து மூணு வாரமாச்சு. தினமும் எடுத்துப் பாத்துட்டு வச்சிடுவேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க அந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு வயசு இருபது. அன்னிலேருந்து என்னை "வா, போ, சாப்டியா, காலைக் கழுவிட்டு வா"ன்னுதான் சொல்லியிருக்கீங்க. இப்ப லெட்டர் முழுக்க "நீங்கள், நீங்கள்". கன்னத்துல ரெண்டு விட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

நீங்க புத்தகத்தை எடைக்குப் போட்டதா நான் சொல்லல. "போட்டாலும் போட்டிருப்பாங்க"ன்னுதான் சொன்னேன். (இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். – மகள்)

நீங்க படிக்கறீங்கன்னு கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. என்னன்னு சொல்லத் தெரியல. ஆனா அண்ணி, யாராவது தடிப் புத்தகத்துல ஆரம்பிப்பாங்களா? பட்டியல்ல அது ஒன்பதாவது. அண்ணன் காரணமில்லாமலா கடைசில வச்சாரு? முதல் அத்தியாயத்துலயே தலைகுப்புற விழுந்து எந்திரிக்காம போனவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். அதை மூடி வைங்க. ரெண்டாம் நம்பர் எடுங்க. கூலியைப் பத்தின சின்னப் புத்தகம், முப்பத்திரெண்டே பக்கம். முன்னுரைய விட்டுடுங்க. அது படிச்சவங்க படிச்சவங்களுக்காக எழுதினது. மனசுக்குள்ள படிக்காதீங்க, வாய்விட்டுப் படிங்க. வார்த்தை புரியலன்னா நிக்காதீங்க, பக்கம் புரியலன்னா நில்லுங்க. அண்ணன் இதைத்தான் சொல்லுவாரு.

அதுக்கப்புறம் தடிப் புத்தகம் வேணும்னா நேரா நடுவுல போங்க. வேலை நாள் எத்தனை மணி நேரம்னு ஒரு பெரிய அத்தியாயம் வரும். ரொட்டி சுடறவன், தீக்குச்சி செய்யறவன், துணி தைக்கிற பொண்ணு எல்லாரும் அதுல வருவாங்க. அவங்களைப் பாத்துட்டு முதல் அத்தியாயத்துக்கு வந்தீங்கன்னா, அது கணக்குப் பாடமா தெரியாது.

பட்டறையில எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். காலைல ஏழு மணிக்கு கடைசல் மெஷின்ல நிக்கறேன். பத்து மணிக்குள்ள என் கூலிக்கு உண்டான சாமானைக் கடைஞ்சு போட்டுடறேன். அப்புறமும் நாலு மணி வரைக்கும் நிக்கறேனே, அது யாருக்கு? இந்தக் கேள்வி ஒட்டிக்கிச்சுன்னா மிச்சப் புத்தகமெல்லாம் தானா வழி விடும்.

ஒண்ணாம் நம்பர் காலியாவே இருக்கட்டும் அண்ணி. செயலாளரை ரெண்டுலேருந்து மாட்டச் சொல்லுங்க. அதைக் கிளற வேண்டாம்.

எட்டு

(பட்டறையில் வைத்த பெயரையே கையெழுத்தாகப் போடச் சொல்கிறார், எட்டு விரல்தானே இருக்கிறது என்று. சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. – மகள்)


ஏப்ரல் 7

தம்பிக்கு,

இரண்டாம் எண் புத்தகத்தை இரண்டு நாளில் முடித்தேன். வாய்விட்டுத்தான் படித்தேன். அடுத்த வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யாரும்மா வந்திருக்காங்க?" என்றாள். ஒருவரும் வரவில்லை, படிக்கிறேன் என்றேன். "ஓ" என்று போய்விட்டாள். ஊர் பூராவும் இனி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அதற்கும் ஒரு திருத்தம் எழுதவேண்டிவரும்.

நான் டைப்ரைட்டிங் பள்ளியில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதன் முதலாளி நல்லவர் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போதும் நல்லவர் என்றுதான் சொல்வேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் யாருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதுதான் கேட்கத் தெரிகிறது. ஆகவே புத்தகம் புரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று அச்சுப்பிழைகளும் இருக்கின்றன.

அதைக் கிளற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளறுவதற்கு எனக்கு உரிமை உண்டு. ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை என் முன்னறையில் உங்கள் அண்ணன் நடத்திய வாசிப்பு வட்டம் நடந்தது. பதினான்கு டம்ளர். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன், பேச்சு நிற்கும். வெளியே வருவேன், பேச்சு தொடரும். கதவுக்கு இந்தப் பக்கம் அடுப்படி. நல்ல பலகையில் செய்த கதவு, ஒரு வார்த்தை கேட்காது.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டை வைத்துவிட்டு, "நானும் உட்கார்றேனே, ஓரமா" என்று கேட்டேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள், கேட்டது ஓரத்தில் ஓர் இடம். உங்கள் அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல், "உனக்குப் புரியாது, விடு" என்றார். பதினான்கு பேர் முன்னால். நீங்கள் கையில் கட்டோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். தரையைப் பார்த்தீர்கள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதன்பிறகு அவர் வீட்டில் இருக்கும்போது அந்த அலமாரியை நான் தொட்டதில்லை.

என் புத்தியை அவர் எவ்வளவுக்கு மதித்தார் என்பது அன்று தெரிந்தது. அந்த மதிப்பு தவறு என்று நிரூபிக்க எனக்கு இப்போது ஆளில்லை. ஆனாலும் முறையாக, முதலிலிருந்து, அவருடைய வரிசைப்படி படித்து முடிக்கப்போகிறேன். ஒன்றாம் எண் இல்லாமல் இரண்டில் தொடங்குவது எனக்குச் சரிப்படாது. என்னவென்று சொல்லுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

(மறுபடியும் நான்தான் எழுதுகிறேன், பெரியம்மா. அப்பா இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவை எழுந்து போய்விட்டார். – மகள்)

அண்ணன் உங்க புத்தியை மதிக்கலன்னு எழுதியிருக்கீங்க. அது அப்படி இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒண்ணாம் நம்பர் ஒரு புத்தகமே இல்ல. யார் புதுசா வந்தாலும் அண்ணன் முதல்ல புத்தகம் கொடுக்க மாட்டாரு. ஒரு முழுத் தாளைக் கொடுப்பாரு. "நேத்து காலைல எந்திரிச்சதுலேருந்து படுக்கற வரைக்கும் என்ன பண்ணின, எழுதிட்டு வா. அழகா எழுத வேண்டாம், பொய் இல்லாம எழுது. அதுதான் உன் முதல் பாடம்"பாரு. அடுத்த ஞாயிறு அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாரு. எத்தனை மணி நேரம் உனக்கு, எத்தனை மணி நேரம் அடுத்தவனுக்கு, உடம்புல எங்க வலிக்குது, யாருக்குப் பயப்படற, எல்லாம் அதுலேருந்தே எடுப்பாரு. அதுக்கப்புறம்தான் ரெண்டாம் நம்பர். தன் நாளைத் தானே பாக்காதவன் எந்தப் புத்தகத்துல ஆரம்பிச்சாலும் அது ஊரான் கதைன்னு சொல்லுவாரு.

முன்னாடியெல்லாம் பட்டியல்ல "1. உன் ஒரு நாள்"னு எழுதியிருக்கும். அப்புறம் எழுதறதை விட்டுட்டாரு. எண்ணை மட்டும் போட்டுப் புள்ளி வைப்பாரு, வாயால சொல்லுவாரு.

போதும் அண்ணி. செயலாளர்கிட்ட இதைச் சொல்லிடுங்க. ஏன் விட்டாருன்னு மட்டும் கேக்காதீங்க.

எட்டு


மே 5

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். டைப் அடித்த தாள்கள் பதினொன்று, நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். எல்லாம் நான் அடித்தவை. என் இயந்திரத்தில் ஒரு எழுத்து சற்றுக் கீழே இறங்கி விழும், பார்த்தவுடன் தெரிந்தது.

அந்தத் தாள்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வட்டம் தொடங்கிய முதல் வருடம் அவற்றைக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் நல்லா அடிச்சுக் கொடேன்" என்பார். என்ன ஏதென்று சொன்னதில்லை. தொழிலாளர்கள் வேலை நேரத்தைப் பற்றி எழுதியிருந்ததால், நிர்வாகத்துக்குக் கொடுக்கிற மனு என்று நினைத்துக்கொண்டேன். மனு எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் மதர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அதன்படி சீர் செய்து, தேவையில்லாததை எடுத்து, பிசிறில்லாமல் அடித்துக் கொடுத்தேன். இவை அவர்களுடைய முதல் பாடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பாடம் என்ற ஒன்று இருக்கிறது என்றே உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொள்கிறேன்.

பதினொன்றாவது தாளோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள்தான் "உனக்குப் புரியாது, விடு." இரண்டையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் வேலையில் என்ன குறை கண்டார்? பதினொரு தாளையும் மறுபடி படித்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. கையால் எழுதிய மூலங்கள் பெட்டியில் இல்லை. அவை எங்கே?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் இருந்த கடைசி நாட்களில் பார்வை மங்கிவிட்டது. ஒரு பகல் மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். "கொஞ்சம் படிச்சுக் காட்டேன். உன் குரல்ல கேக்கணும் போல இருக்கு" என்றார். அட்டையைப் பார்த்தேன். அலமாரிப் புத்தகம். கூலியைப் பற்றிய முப்பத்திரண்டு பக்கம். நான் சொன்னேன்: "எனக்குத்தான் புரியாதே."

முப்பது வருடம் வைத்திருந்து சொன்னேன் தம்பி. மெதுவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அதனால்தான் படிக்கிறேன். தினமும் மூன்று மணிக்கு. உங்களிடம் பெருமையாக எழுதினேனே, முறையாகப் படித்து முடிக்கப்போகிறேன் என்று, அது பாதிதான் உண்மை. அவர் என்னை மட்டமாக நினைத்தது நிஜமென்றால், நான் சொன்னதற்கு ஒரு நியாயமாவது இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அது அப்படி இல்லை என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டீர்கள். அப்படி இல்லையென்றால் எப்படி?

அண்ணி


மே 26

அண்ணி,

இத நானே எழுதறேன். மகளுக்குத் தெரியாது. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல பேனாவ இடுக்கிக்கிட்டு நாலு நாளா எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும். பொறுத்துக்கங்க.

சொல்லமாட்டேன்னு அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனா நீங்க அந்த ஆஸ்பத்திரிய எழுதினப்புறம் அண்ணன் உங்கள மட்டமா நினைச்சாருன்னே விட்டுட்டா, நான் மனுஷனே இல்ல.

பதினொன்னாவது தாள் என்னோடது. நீங்க அடிச்சதுல பேரு இருக்காது, அதனால உங்களுக்குத் தெரியல. கையால எழுதினத இதோட வச்சு அனுப்பறேன். முப்பத்தொரு வருஷமா என்கிட்டதான் இருக்கு. மூணாவது பத்தியப் பாருங்க.

"பத்து மணிக்கு மேல் வலது கை நடுங்குகிறது. மேஸ்திரி பார்க்காதபடி இடது கையால் பிடித்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை."

அதுமேல ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஓரத்துல "வேலைக்குச் சம்பந்தமில்லை"ன்னு எழுதியிருக்கும். அது உங்க எழுத்து.

அடுத்த ஞாயிறு அண்ணன் நீங்க அடிச்சதப் படிச்சுக் காட்டினாரு. கையெழுத்துத் தாள அவரு பிரிச்சுப் பாக்கவே இல்ல, அப்படியே உங்ககிட்ட கொடுத்துட்டாரு. அந்த வரி இல்ல. நான் எந்திரிச்சு, "அண்ணே, இன்னொரு வரி இருக்கு"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னு கேட்டா சிரிப்பீங்க. நீங்க அடிச்சது அவ்வளவு அழகா இருந்துச்சு. என் நாளு இவ்வளவு அழகாவா இருக்குன்னு கேட்டுக்கிட்டே உக்காந்துட்டேன். படிச்சவங்க அண்ணி, அவங்க வேண்டாம்னு எடுத்தா வேண்டாததாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.

பத்தொன்பதாம் நாள் மெஷின் ரெண்டு விரல எடுத்துக்கிச்சு. பத்தரை மணிக்கு.

ஆஸ்பத்திரில அண்ணன் பக்கத்துல உக்காந்து, "கை நடுங்குதுன்னு ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா மெஷின மாத்திக் கேட்டிருப்பனே, சங்கத்துல சண்டை போட்டிருப்பனே"ன்னு அழுதாரு. "எழுதியிருந்தேனே அண்ணே"ன்னு என் வாயில வந்துடுச்சு. வந்திருக்கக் கூடாது. வீட்டுக்குப் போயி அந்தத் தாளத் தேடி எடுத்திருக்காரு. மறுநாள் கொண்டுவந்து என் கட்டில்ல வச்சாரு. அப்புறம் சொன்னாரு: "இத நீயே வச்சுக்க. அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அப்புறம் டைப்ரைட்டரத் தொடமாட்டா. தப்பு என்னோடது, என்ன தாளுன்னு அவகிட்ட நான் சொல்லவே இல்ல. புருஷன் கொடுத்தான், பொண்டாட்டி அடிச்சான்னு விட்டுட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறேன், வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லல."

நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்த ஞாயிறுதான் நீங்க ஓரமா உக்காரட்டுமான்னு கேட்டீங்க. அன்னிக்கு அங்க பேச வேண்டியிருந்ததே என் கையப் பத்திதான். எல்லாருக்கும் விஷயம் தெரியும். நீங்க உள்ள உக்காந்தா யார் வாயிலேருந்தாவது வந்துடும்னு அண்ணனுக்கு பயம். வேற எதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்துல அவரு வாயில வந்தது அதுதான். அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் நான் கேட்டேன், "ஏண்ணே இப்படிப் பேசிட்டீங்க, அண்ணி மூஞ்சியே செத்துப்போச்சு." அவரு சொன்னாரு: "என்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும். தன்மேல கோவம் வந்தா அவ தாங்கமாட்டா, உனக்குத் தெரியாது அவள."

பட்டியல்ல அந்த இடத்தக் காலியா விட்டது அதுக்கப்புறம்தான். "உன் ஒரு நாள்"னு எழுத வரலன்னாரு.

நான் உங்கமேல கோவப்படலன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். வேன் கொண்டுவந்த அன்னிக்கு அந்த வார்த்தை வந்துச்சு பாருங்க, படிக்காதவங்கன்னு. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தூக்கிப்போட்டுச்சு. உள்ளயே இருந்திருக்கு.

சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. எழுதிட்டேன். அண்ணன் இருந்தா என்னை அடிப்பாரு.

எட்டு


ஜூன் 9

தம்பி,

உன் தாள் வந்தது. அது என் கோடுதான். அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறேன்.

மனு என்று நினைத்தேன் என்பதை முன்பே எழுதியிருந்தேன். அது காரணம். அதைச் சமாதானமாகச் சொல்ல மாட்டேன். ஒருவன் தன் கை நடுங்குகிறது, யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறான். அதைப் படித்து, சிவப்பு மையை எடுத்து, அளவுகோலைத் தேடி, கோணாமல் கோடு போட ஒருத்திக்கு முடிந்திருக்கிறது. எழுதியது நீ என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்று யோசித்தேன். போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு நல்ல வாக்கியம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்டிருக்கிறாய். சொன்னது சரி. நான் தாங்கமாட்டேன் என்று உன் அண்ணன் முடிவு செய்ததை மட்டும் திருத்தவேண்டும். முப்பத்தொரு வருடம் நான் தாங்கியது என்ன என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் தாங்கக்கூடியது எது, தாங்கமுடியாதது எது என்று என்னைக் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அடுத்தவரைக் காப்பாற்றுவதாகவும் தண்டிப்பதாகவும் நினைத்துக்கொண்டு, ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்துவிட்டோம்.

சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முதுகைத்தான் தினமும் பார்க்கிறேன். இதுவரை அதில் என்மேல் ஒரு கோபம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் போய்விட்டது. அன்று அவர் என்னை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். இரண்டாம் எண் புத்தகம். நான்தான் போகவில்லை.

டைப்ரைட்டரைத் தொடமாட்டேன் என்று பயந்தாராமே. தொட்டேன். உன் தாளை முழுவதும், மூன்றாவது பத்தியோடு, ஒரு சொல் மாற்றாமல் அடித்தேன். அந்த எழுத்து இப்போதும் கீழே இறங்கித்தான் விழுகிறது. செயலாளரிடம் போய் அதைப் படித்துக் காட்டினேன். கோடு போட்டது யார் என்றும் சொன்னேன். "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா, பழைய கதை" என்றார். பழையதோ புதியதோ, புதிதாக வருகிறவர் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்றேன். ஒன்றாம் எண்ணுக்கு நேரே எதையும் எழுதாமல், அவர் வைத்தபடியே மாட்டுவார்கள். அதற்குக் கீழே மேஜையில் வெற்றுத் தாள்கள் இருக்கும். நாற்பத்தொரு புத்தகங்களும் நினைவு நாளன்று அங்கே போகின்றன. இரண்டாம் எண்ணுக்கு மட்டும் புதுப் பிரதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழையது என்னிடம் இருக்கும்.

நான் முறைப்படி படிப்பவள். ஆகவே ஒன்றாம் பாடத்தையும் எழுதினேன். நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை, இரண்டு பக்கம். இத்துடன் இருக்கிறது. கையால்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிந்தது, எவ்வளவு நேரம் ஒருவருக்காகவும் இல்லாமல் ஒரு டம்ளரைக் கழுவுகிறேன் என்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வரும்: "மூன்று மணிக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, படிக்கட்டுமா என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படிக்கிறேன்." அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. இரண்டு முறை பேனாவை எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

நீ படித்துப் பார். பொய் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போடு. கோணலாக இருந்தால் பரவாயில்லை.

உன் மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். தொலைபேசியில் பேசவேண்டாம், எனக்கு அதில் காது சரியாகக் கேட்பதில்லை. எத்தனை நாளானாலும் சரி, பதிலை எழுதி அனுப்பு.

அண்ணி